காற்றுப் புகாத தானியப் பை: ஒரு பருவம் தட்டைப்பயறு வைத்துப் பார்த்த மதிப்புரை

தாராபுரம், காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் தட்டைப்பயறும் கொள்ளும் மானாவாரியாக விளைவிக்கிற வீடுகளில், அறுவடை முடிந்து மூன்று மாதத்துக்குள் பயறு உளுத்துப் போவது யாரையும் வியக்க வைப்பதில்லை. இந்தச் சேதத்தைத் தடுக்கும் என்ற உறுதியோடு இப்போது வேளாண் இடுபொருள் கடைகளில் காற்றுப் புகாத தானியப் பை என்று ஒன்று விற்கிறார்கள். தைக் கடைசியில் அடித்துக் காயவைத்த தட்டைப்பயற்றை அதில் நிரப்பிக் கட்டி, புரட்டாசி விதைப்புக்குத்தான் அவிழ்த்தேன். பை சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் அது எப்படிச் செய்கிறது என்று பையின் மேல் அச்சிட்டிருக்கும் விளக்கம் பாதிதான் சரி. அந்த மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர், கொடுத்த காசுக்கு ஒரு விலை உயர்ந்த சாக்கைத்தான் பெறுவார் என்பதால், பையைப் பற்றிச் சொல்வதற்கு இணையாகப் பூச்சியின் மூச்சைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பையின் அமைப்பு எளிமையானது. 50 கிலோ கொள்ளும் நெய்த பிளாஸ்டிக் சாக்கு ஒன்று வெளியே இருக்கிறது. அதற்குள் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு பாலித்தீன் உறைகள், ஒவ்வொன்றும் 80 மைக்ரான் தடிப்பு. முதலில் உள்ளுறையை நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடக்கிக் கட்ட வேண்டும். பிறகு நடு உறையையும் கடைசியாகச் சாக்கையும் அதேபோலக் கட்ட வேண்டும். இந்த மூன்றடுக்கு முறை நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களின் பிற்பகுதியில், ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுச் சிறு விவசாயிகளுக்காக இதை உருவாக்கத் தொடங்கினார்கள். அங்கே அவர்கள் காப்பாற்ற முனைந்த தானியமும் தட்டைப்பயறுதான். அதைத் தின்றதும் நம் களஞ்சியத்தில் இருக்கும் அதே பயறு வண்டுதான். ஆகவே இந்தப் பையைச் சோதிக்கத் தட்டைப்பயற்றைவிடப் பொருத்தமான தானியம் கிடையாது.

பயறு வண்டு வீட்டுக்குள் புதிதாக வந்து சேர்வதில்லை. பெரும்பாலும் காட்டிலிருந்து பயற்றோடு கூடவே வருகிறது. செடியில் காய் முற்றும்போதே தாய் வண்டு அதன் மேல் முட்டைகளை ஒட்டிவிடுகிறது. களஞ்சியத்துக்குள் வந்த பிறகு நேராக விதையின் மேலேயே ஒட்டுகிறது. பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிபவை அந்த முட்டைகளே. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, முட்டை ஒட்டியிருந்த இடத்திலேயே கீழ்நோக்கித் துளைத்து விதைக்குள் இறங்குகிறது. தின்று வளர்ந்து கூட்டுப்புழுவாவதும் அதற்குள்ளேதான். முழு வண்டான பிறகு தோலில் வட்டமாக ஒரு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. அப்படி வந்த வண்டுக்குக் களஞ்சியத்தில் தீனி தேவையில்லை. இனப்பெருக்கம் ஒன்றே அதன் வேலை. ஒரு தாய் வண்டு நூறு முட்டை வரை இடக்கூடியது. நம் பக்கத்து வெயிலில் ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஒரு மாதம் போதும் என்றால், தைக்கும் புரட்டாசிக்கும் இடையில் ஏழெட்டுத் தலைமுறைகள் ஓடிவிடும். புழு விதைக்குள் ஒளிந்திருக்கும் அந்த வாரங்களில் புடைத்தாலும் சலித்தாலும் அது சிக்காது. காற்று மட்டுமே அதனிடம் போய்ச் சேரும்.

அந்தக் காற்று பூச்சிக்குள் எப்படிப் போகிறது என்பதுதான் இந்தப் பையின் அடிப்படை. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. வாய் வழியாகவும் அது மூச்சு விடுவதில்லை. உடலின் இரு பக்கங்களிலும் வரிசையாகச் சிறு மூச்சுத்துளைகள் இருக்கின்றன. கரப்பான் போன்ற பல பூச்சிகளில் மார்பில் 2 இணை, வயிற்றில் 8 இணை என 10 இணைத் துளைகள் உண்டு. வண்டில் இவற்றைப் பார்க்க உருப்பெருக்கி தேவைப்படும். வெறுங்கண்ணால் பார்க்க விரும்புகிறவர் உடுமலைப்பேட்டை, கோபிசெட்டிபாளையம் பக்கம் ஏதாவது ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனைக்குள் போய், கூடு கட்டப் போகிற நிலையில் உள்ள பெரிய புழுவின் பக்கவாட்டைப் பார்த்தால் போதும். பக்கத்துக்கு ஒன்பதாகக் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். இத்தாலியின் போலோன்யா நகரத்து மார்செல்லோ மால்பீஜி, 1669இல் வெளியான தமது பட்டுப்புழு ஆய்வில், இந்தத் துளைகளிலிருந்து உடலெங்கும் பரவும் காற்றுக் குழல்களை விவரித்தார். துளைகளில் எண்ணெய் தடவினால் புழு இறந்துவிடுகிறது என்பதையும் கண்டார்.

துளையிலிருந்து தொடங்கும் மூச்சுக்குழல் கிளை விட்டுக் கிளை விட்டு மெலிந்து, கடைசியில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த குறுக்களவுள்ள நுண்குழல்களாக ஒவ்வொரு திசுவையும் தொடுகிறது. குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகத் தடிப்பு ஓடுவதால், கிணற்று மோட்டாரின் உறிஞ்சு பக்கத்தில் மாட்டும் சுருள் ஹோஸ் போல, அது எளிதில் நசுங்குவதில்லை. நம் உடலில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ரத்தம். பூச்சியிலோ காற்றே நேரடியாக உயிரணுவின் வாசல் வரை போய்விடுகிறது. அதனால்தான் பெரும்பாலான பூச்சிகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இல்லை. நசுக்கினால் சிவப்பாக எதுவும் வராததும் அதனால்தான். ஆக்சிஜன் நீரில் பரவுவதைவிடக் காற்றில் ஏறத்தாழ 10,000 மடங்கு வேகமாகப் பரவுகிறது என்பதால், சிறிய உடலுக்கு இந்த ஏற்பாடு மிகவும் சிக்கனமானது. வெட்டுக்கிளி, குளவி போன்ற பெரிய அல்லது சுறுசுறுப்பான பூச்சிகள் மட்டும் வயிற்றைச் சுருக்கி விரித்துக் காற்றைத் தள்ளிக்கொள்கின்றன.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. ஆக்சிஜன் உள்ளே வரும் அதே வழியாக உடலின் ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். எனவே பல பூச்சிகளின் மூச்சுத்துளைகளுக்கு மூடித் திறக்கும் கதவுகள் உள்ளன. உள்ளே சேரும் கரியமிலவாயு ஓர் அளவைத் தாண்டும்போது அவை திறக்கின்றன. ஓய்வாக இருக்கும் சில பூச்சிகள் வெகுநேரம் கதவை இறுக மூடியிருந்து, பிறகு சிறிது சிறிதாகப் படபடவெனத் திறந்து மூடி, கடைசியில் அகலத் திறந்து சேர்ந்திருந்த கரியமிலவாயுவை மொத்தமாக வெளிவிடுகின்றன. அமெரிக்கப் பட்டு அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவில் இது 1950களில் விரிவாக ஆராயப்பட்டது. ஈரத்தைச் சேமிக்கத்தான் இந்தப் பழக்கம் என்று ஒரு தரப்பும், ஆக்சிஜன் அளவுக்கு மிஞ்சினால் திசுவைக் கெடுக்கும் என்பதால் அதைக் குறைக்கத்தான் என்று 2005இல் முன்வைக்கப்பட்ட கருத்தை ஏற்கும் இன்னொரு தரப்பும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. வாதம் எப்படி முடிந்தாலும், மூச்சுக்கும் ஈரத்துக்கும் ஒரே வாசல் என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை.

இப்போது பைக்குள் வருவோம். வாயைக் கட்டியதும் உள்ளே சிக்கிக்கொண்ட வண்டும் புழுவும், ஓரளவு பயறும்கூட, இருக்கும் ஆக்சிஜனைச் செலவழித்துக் கரியமிலவாயுவை விடுகின்றன. வெளிக்காற்றில் 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் நாளடைவில் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. பூச்சி அதிகமாக இருந்தால் வேகமாக இறங்கும். குறைவாக இருந்தால் மெதுவாக இறங்கும். பைக்குள் நாம் மருந்து எதையும் போடுவதில்லை. பூச்சியே தன் காற்றைத் தீர்த்துக்கொள்கிறது. இதுவரைக்கும் பையின் மேல் உள்ள விளக்கமும் சரியே. அதற்கு அடுத்த வரியில் “48 மணி நேரத்தில் பூச்சிகள் மூச்சுத் திணறிச் சாகும்” என்று போட்டிருப்பதுதான் என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது. கடைக்காரரும் அதையே நம்பி, “ரெண்டு நாளு கழிச்சு வேணும்னா அவுத்துப் பாருங்க, ஒண்ணும் உசுரோட இருக்காதுங்க” என்றார். நல்லவேளையாக அவிழ்க்கத் தோன்றவில்லை.

ஆக்சிஜன் குறைந்த உடனே பூச்சி செத்துவிடுவதில்லை. முதலில் தின்பதை நிறுத்துகிறது, வளர்வதை நிறுத்துகிறது. அதன் சாவு வேறு வழியில் வருகிறது என்பதை மர்டாக் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். நன்கு காய்ந்த பயற்றுக்குள் குடிக்கத் தண்ணீர் ஏது? புழு தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியைத் தின்ற மாவுச்சத்தை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்தே உண்டாக்கிக்கொள்கிறது. 1 கிராம் மாவுச்சத்து முழுமையாக எரிந்தால் அரை கிராமுக்குச் சற்று மேல் நீர் கிடைக்கும். ஆக்சிஜன் இல்லையென்றால் எரிப்பு இல்லை. எரிப்பு இல்லையென்றால் நீர் இல்லை. மறுபுறம், ஆக்சிஜன் குறைந்து கரியமிலவாயு கூடிய காற்றில் மூச்சுத்துளைகள் மூட முடியாமல் திறந்தே கிடக்கின்றன. வருகிற நீர் நின்றுபோய், இருக்கிற நீரும் வெளியேறுவதால் பூச்சி காய்ந்து சாகிறது. இது இரண்டு நாள் வேலையல்ல. முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் தாங்கும் திறன் வேறுபடும். எல்லாம் ஒழிய வாரக்கணக்கில் ஆகும். அச்சிட்ட வாக்கியத்தை நம்பி மூன்றாம் நாள் பையைத் திறக்கிறவர், தவித்துக்கொண்டிருந்த பூச்சிக்குப் புதுக்காற்றைக் கொடுத்துப் பிழைக்க வைத்துவிடுவார்.

காய்ந்து சாகிறது என்று தெரிந்துகொண்டால், பையைப் பயன்படுத்தும் முறை தானாகவே விளங்கும். பயறு கடித்தால் ‘டக்’கென்று உடையும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் பூச்சிக்கு ஈரக்காற்று கிடைப்பதோடு, மூடிய பைக்குள் பூஞ்சணமும் புளித்த வாடையும் பிடிக்கும். பையை முக்கால் அளவு நிரப்பிவிட்டு மீதியைக் காற்றாக விடக் கூடாது; அந்தக் காற்று முழுவதும் பூச்சிக்கு வாய்க்கரிசிக்கு முந்தைய விருந்து. கட்டிய பிறகு குறைந்தது இரண்டு மாதம் தொடாமல் இருப்பது நல்லது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே களத்துப் பயற்றில் ஒரு பகுதியைச் சணல் சாக்கில் கட்டி அதே அறையில் வைத்திருந்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசத் தொடங்கிய ஆடியிலேயே அந்தச் சாக்கைத் தொட்டால் சூடு தெரிந்தது. மேலே வண்டுகள் ஊர்ந்தன. கையை விட்டால் மாவு ஒட்டியது. அதைக் கோழிக்குத்தான் போட முடிந்தது. புரட்டாசியில் பையை அவிழ்த்தபோது, கட்டிய வாய்ப்பக்கம் செத்துக் காய்ந்த சில வண்டுகள் கிடந்தன. பயற்றில் ஆங்காங்கே ஓட்டை விழுந்த மணிகளும், வெள்ளை முட்டைத் தடமும் இருக்கத்தான் செய்தன. அவை கட்டும்போதே இருந்தவை, அல்லது ஆக்சிஜன் தீர்வதற்கு முன் முந்திக்கொண்டவை. கைப்பிடி அள்ளினால் அப்படி ஒன்றிரண்டு மணிகள் தெரிந்தனவே தவிர, மாவு இல்லை, சூடு இல்லை, வாடை இல்லை. ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பார்த்ததில் முளைப்பும் திருப்தியாக இருந்தது. காற்றில்லாமல் அடைத்தால் விதை செத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை, நன்கு காய்ந்த விதையின் மூச்சு மிகவும் சொற்பம். கத்தரிக்காயோடு குழம்பு வைத்ததில் புதுப்பயற்றுக்கும் இதற்கும் வேக்காட்டில் வேறுபாடு எதையும் வீட்டில் யாரும் சொல்லவில்லை. சமையலைக் குறை சொல்வதற்குத் தயங்குகிற வீடும் அல்ல எங்களுடையது.

நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்த முறைகளோடு இதை ஒப்பிடாமல் விடுவது நியாயமில்லை. அவையும் பூச்சியின் மூச்சையும் ஈரத்தையும் குறிவைத்தவைதாம். விளக்கெண்ணெய் பிரட்டி வைத்தால் எண்ணெய்ப் படலம் முட்டையின் மேலும் மூச்சுத்துளையின் மேலும் படிந்து காற்றை அடைக்கிறது. மால்பீஜி கண்டதும் இதைத்தான். சாம்பலும் செம்மண்ணும் வேறு விதம்: நுண்துகள்கள் பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகுப் பூச்சை உரசியும் உறிஞ்சியும் எடுத்துவிடுவதால் ஈரம் தோல் வழியாகவே கசிந்துவிடும். விதைப் பயறு 100 கிலோவுக்கு 1 கிலோ பதப்படுத்திய களிமண் தூளைக் கலக்கச் சொல்லும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இந்த வழியைச் சேர்ந்ததே. பத்துக் கிலோ பயற்றுக்கு இவை போதும். சமையலுக்கு முன் கழுவ வேண்டும் என்பது மட்டுமே தொல்லை. இந்தப் பைக்கு நேர் முன்னோடி என்றால் அது அப்பாரு காலத்துச் சோளக்குழிதான். நிலத்தைத் தோண்டிச் சோளத்தையும் கம்பையும் கொட்டி வாயை மண்ணால் அடைத்துவிட்டால், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து கரியமிலவாயு நிறைந்துவிடும். குழியைத் திறந்த உடனே ஆளை இறக்கக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொன்னதற்குக் காரணம் அதுவே. பூச்சியைத் தீர்க்கும் காற்று மனிதனையும் தீர்க்கும். குழியில் ஓரச் சோளம் ஈரம் பட்டுக் கறுத்துப் போகும் என்ற குறையைப் பை தீர்த்திருக்கிறது.

பாஸ்பீன் வாயுவை வெளியிடும் மாத்திரையைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். அதுவும் பூச்சியின் மூச்சுத்துளை வழியாகவே நுழைந்து உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியை முடக்குகிறது. ஆனால் அந்த வாயு பக்கத்து அறையில் தூங்குகிறவரையும் கொல்லக்கூடியது. பயிற்சி பெற்றவர்கள் கிடங்குகளில் பயன்படுத்த வேண்டியது. குடியிருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை. பைக்கு ஆதரவாக எனக்குத் தெரிந்த மிக வலுவான வாதம் இதுதான்.

இனிக் குறைகள். விளக்கத் தாளில் தமிழ் இல்லை. ஆங்கிலமும் இந்தியும் மட்டும் இருக்கின்றன. தாராபுரத்தில் விற்கிற பொருளுக்கு இது பொறுப்பின்மை என்றே சொல்வேன், ஏனென்றால் பையின் பலன் முழுவதும் கட்டும் முறையில்தான் இருக்கிறது. 50 கிலோவுக்குக் குறைந்த அளவு கிடைப்பதில்லை. முழு அளவு நிரப்பினால் முறுக்கி மடக்குவதற்கு உறையின் வாய் போதவில்லை. ஒருவர் பிடிக்க ஒருவர் கட்ட வேண்டியிருக்கிறது. உறை மெல்லியது என்பதால் பயற்றோடு வரும் காய்ந்த காம்பும் முள்ளும் குத்திவிடும். தூற்றிச் சலித்த பிறகே நிரப்ப வேண்டும். வெறும் உறையில் காற்றைப் பிடித்து வாயை முறுக்கி அழுத்திப் பார்த்தால் ஓட்டை இருப்பது தெரிந்துவிடும். எலிக்கு இந்தப் பை ஒரு பொருட்டே அல்ல. சுவரை ஒட்டாமல் பலகை மேல் வைத்து, எலிக்குத் தனியாக வழி செய்யாவிட்டால் ஒரே இரவில் எல்லாம் வீண்.

விலை 200 ரூபாய்க்குச் சற்று மேல். சாதாரணச் சாக்கோடு ஒப்பிட்டால் பல மடங்கு. உளுத்துப் போகும் ஒரு மூட்டைப் பயற்றோடு ஒப்பிட்டால் அற்பம். விதைக்காகவோ, விலை ஏறும் வரை விற்காமல் வைக்கவோ, ஆண்டுச் சாப்பாட்டுக்காகவோ மூட்டைக் கணக்கில் பயறு வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை படியளந்து எடுக்கும் சமையலறைக்கு இது பொருந்தவே பொருந்தாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக்காற்று போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு, இறுகிய மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டில்களையோ கேன்களையோ நன்கு உலர்த்தி, விளிம்பு வரை பயறு நிரப்பி மூடி, ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்பதே நல்ல வழி. தத்துவம் அதேதான், செலவும் இல்லை.

ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் உறைகளை அடுத்த பருவத்துக்கும் பயன்படுத்தலாம். காலி செய்ததும் உதறி வெயிலில் காட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். சிறு ஓட்டை தெரிந்தால் ஒட்டுநாடாவால் அடைத்து அந்த உறையை நடு உறையாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டிலும் பல ஓட்டைகள் இருந்தால், அதை மழைக்குச் சோளத்தட்டுப் போரின் மேல் மூடத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.